ஸ்டுடியோ தொப்பி

"மம்மா, நெஜத்தச் சொல்லு. நாம எப்பலேருந்து பிரெஞ்சுக்காரங்க?"

காலைக் காபி ஆறுவதற்குள் இப்படி ஒரு கேள்வி வந்தால் யாருக்குத்தான் காபி இறங்கும்? ரோசா டவராவை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள்.

"விடிஞ்சதும் விடியாததுமா இன்னாடி கேள்வி இது?"

"ஹேமலதா மேடம் போன் பண்ணாங்க. என் வேலை நின்னு போச்சு. நாம குடும்பத்தோட பிரான்ஸ் நாட்டுக் குடிமக்களாம்."

"எவ சொன்னா?"

"எவ இல்ல. தெருவே சொல்லியிருக்கு."

ரோசா டவராவைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை எடுத்து இல்லாத வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

போன வாரம், புதுச்சேரி உப்பளத்தில் இருக்கும் இந்த வீட்டில் பாயசம் வைத்த கையோடு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் லினெட்டின் பெயர் தேர்வுப் பட்டியலில் வந்திருந்தது. மழைக்காலத்தில் எங்கோ இருந்த ஒரு கூட்டம், உதவித்தொகை கொடுக்கும் அரசு அலுவலகம் ஒன்றின் கம்ப்யூட்டர்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டதும், சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் லினெட்டை யாரோ கூப்பிட்டுப் போனதும், அவள் அங்கேயே உட்கார்ந்து ஒரு பைசா கொடுக்காமல் திறந்து வைத்ததும் ஊருக்கே நினைவிருக்கும். வாசலில் காத்துக்கிடந்த முதியவர்கள் அன்றைக்கு அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சம்பளம் பாதியானாலும் சரி, அரசாங்கத்தின் புதிய இணையப் பாதுகாப்புப் பிரிவில்தான் இனி வேலை என்று அவள் முடிவு செய்தது அங்கேதான். பரீட்சை, நேர்முகம் எல்லாம் தாண்டியாகிவிட்டது. மிச்சமிருந்தது போலீஸ் விசாரணை மட்டும்.

போன் மறுபடி அடித்தது. லினெட் ஸ்பீக்கரில் போட்டாள்.

"லினெட், எனக்கே புரியல," என்றது ஹேமலதாவின் குரல். அந்தப் பிரிவின் தலைமை அதிகாரி அவர்தான். "உங்க பேப்பரெல்லாம் பக்காவா இருக்கு. ஆனா அக்கம்பக்கத்து விசாரணைன்னு ஒண்ணு இருக்கே! அதுல எல்லாரும் ஒரே குரல்ல 'சுத்த பிரெஞ்சுக் குடும்பம் சார்'னு சொல்லி வச்சிருக்காங்க."

"மேடம், எங்க பப்பா விழுப்புரத்தத் தாண்டினாலே தலைய சுத்துதும்பாரு."

"எனக்குத் தெரியுது. ரிப்போர்ட்டுக்குத் தெரியலயே! நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட போஸ்ட். வெளிநாட்டுக் குடியுரிமைன்னு ஒரு வரி இருந்தா பைல் நகராது."

"எனக்கு அடுத்து யாரும் இல்லையா மேடம்?"

"யாரு இருக்கா? உங்களுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். 'நீங்க கூப்பிடறதுக்குள்ள பெங்களூருல ரெண்டு ப்ரமோஷன் வாங்கிட்டேன் மேடம்'ங்கறான். இன்னொருத்தன் பயங்கர கெட்டிக்காரன். அவன்கிட்ட டைப்ரைட்டிங் சர்டிபிகேட் இல்லன்னு பைல் திரும்பி வந்துடுச்சு. தாக்குதல் வரும், தயாரா இருங்கன்னு டில்லியிலேருந்து தெனம் எச்சரிக்கை வருது. யாரு தயாரா இருக்கறது? நானும் நாலு காலி நாற்காலியும்தான். முகம் தெரியாதவன் ஒரு நொடியில உள்ள பூந்துடறான். நம்ம ஆள வாசல் தாண்டி உள்ள கொண்டாற எனக்கு வருஷம் ஓடிப்போவுது."

லினெட் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கேளுங்க. இன்னைக்கு ஆபீஸ் மூடினா இந்தப் பட்டியல் காலாவதி. மறுபடி விளம்பரம், மறுபடி பரீட்சை. அதுக்குள்ள உங்களுக்கு வயசு வரம்பு தாண்டிடும். வடிவேல்னு ஸ்பெஷல் பிராஞ்ச் ஏட்டு, மதியம் திரும்ப வருவார். பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரு உள்ளத உள்ளபடி சொன்னா போதும். முடியுமில்ல?"

"முடியும் மேடம்," என்று சொல்லிவிட்டு லினெட் அம்மாவைப் பார்த்தாள்.

ரோசா சுவரைப் பார்த்தாள்.

சுவரில் மாட்டியிருந்தது அவள் மாமனாரின் படம். தங்கப் பித்தான் வைத்த கோட்டு, கையில் தடி, தலையில் பிரெஞ்சுச் சிப்பாய்த் தொப்பி. பின்னால் ஒரு பெரிய கப்பல்.

"நான் இன்னாடி பண்ணேன்? கல்யாணமாயி வந்த புதுசுல யாரோ, 'உன் மாமனாரு சொல்தாவா'ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல. அவ்ளோதான்."

இந்த ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைச் சொல்தா என்பார்கள்; அவர்களில் பலரின் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அப்படி ஒருவர் இருந்த வீட்டுக்குத் தெருவில் ஒரு படி மதிப்பு கூடுதல்.

"அவ்ளோதானா? 'மாப்பிள்ளையெல்லாம் பாரீஸ்லதான் பாக்கறோம்'னு யாரு சொன்னது?"

"அது பேச்சுவாக்குல..."

"'நாங்க நெனச்சா நாளைக்கே பிளேன் ஏறிடுவோம்'?"

"அது அந்தப் பக்கத்து வூட்டு வேம்பு, அவ மாமனாரப் பத்தி ரொம்ப பீத்திக்கினா, அதான்!"

பள்ளிக்கூட வேனைக் கழுவிவிட்டு, நனைந்த லுங்கியோடு உள்ளே வந்தார் ரோசாவின் கணவர் அமலநாதன். அதிகம் பேசாத மனிதர். சிரித்தாலும் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். இப்போது குலுங்கியது.

"இன்னாங்க சிரிப்பு? புள்ள வேலை போவுது!"

"இல்ல, கேட்டில ரொட்டி தொங்குதேன்னு எடுத்துக்கினு வந்தேன்," என்று துணிப்பையை நீட்டினார். நீள ரொட்டி இரண்டு வெளியே எட்டிப் பார்த்தன. இளஞ்சூடு இன்னும் போகவில்லை.

"இவன் வேற! ரெட்டியார்பாளையத்து ரொட்டிக்கடைப் பையன். கேக்காமயே மாட்டிட்டுப் போறான். காசு குடுத்தா வாங்கறதும் இல்ல. மாதா கோயில்ல கிடார் அடிக்கறத உட்டா வேற வேலையே இல்ல போல."

லினெட் ரொட்டிப் பையை அப்பாவின் கையிலிருந்து கொஞ்சம் அவசரமாகவே வாங்கிக்கொண்டாள்.

"மம்மா, நீ போ. வேம்பு அத்தைகிட்ட பேசு."

"இன்னான்னு பேச? இத்தினி வருஷம் பேசினத எப்படித் திருப்பறது?"

"எப்படிப் பேசினியோ அப்படியே, கடைசியில ஒரு 'இல்ல' சேத்துப் பேசு."

---

வேம்பு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரோசாவைக் கண்டதும் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"வாக்கா! நானே வரணும்னு இருந்தேன். மப்டியில ஒரு போலீசு வந்தாரே, உங்களப் பத்திக் கேட்டுக்கினு. மொத ஆளா நான்தான் சொன்னேன்."

"இன்னான்னு?"

"'சார், அவங்க வூட்டு நாய்க்குகூட பிரெஞ்சு புரியும்'னு!"

"எங்களுக்கு நாயே இல்லியேடி!"

"இருந்துச்சே, டாமி."

"அதுக்கு 'போ'ன்னா புரியும். அதுவும் கையில கல்லு இருந்தா."

வேம்பு சிரித்தாள். ரோசா சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"வேம்பு, நான் சொல்றதக் கேளு. நாங்க பிரெஞ்சு இல்ல."

"சரிக்கா."

"சரின்னா?"

"புரிஞ்சு போச்சு." வேம்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாமோ சிக்கல். போலீசு வந்தாலே யாருக்கும் பேச்சு மாறிப்போவும், எனக்குத் தெரியாதா? பயப்படாத. அவங்க முன்னாடி உன் கௌரவத்த நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன்."

"ஐயோ, விட்டுக்குடுடீ!"

"மாட்டேன்க்கா. லினெட்டு எனக்கும் பொண்ணு மாதிரி."

எதிர்வீட்டு இராமதாஸ், ஒரு காலத்தில் பஞ்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர், சைக்கிளைத் துடைத்துக்கொண்டே குரல் கொடுத்தார். "ரோசாம்மா, என் பக்கமும் கவலைப்படாத. நான் இன்னும் ஸ்ட்ராங்கா சொல்றேன்."

ரோசா வீட்டுக்குத் திரும்பியபோது அவளுக்கு நிஜமாகவே வேர்த்திருந்தது.

"இன்னா ஆச்சு மம்மா?"

"முன்னவிட மோசமாயிடுச்சுடி."

---

வடிவேல் ஏட்டு ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் தெரு கூடிவிட்டது. சாதாரணச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை. நல்ல மனிதர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் அலுத்துப்போன நல்ல மனிதர்.

"அம்மா, வணக்கம். இந்த ஒரு வீட்டுக்கு நான் வர்றது ரெண்டாவது தடவ. இன்னைக்காவது எல்லாரும் ஒரு முடிவுக்கு வாங்க."

ரோசா வாயைத் திறந்தாள். வேம்பு முந்திக்கொண்டாள்.

"சார், அக்கா இப்ப இல்லன்னு சொல்லும். நம்பாதீங்க. அது தன்னடக்கம்."

"ஆமா சார்," என்றார் இராமதாஸ். "ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரங்க தேசிய தின ஊர்வலம் நடக்கும்ல? வருஷா வருஷம் அமலநாதன் பீச்சுல நெஞ்ச நிமித்திக்கினு நிப்பாரு."

"வேன் நிறுத்த எடம் தேடிக்கினு நின்னேன்பா," என்றார் அமலநாதன்.

"பாத்தீங்களா சார்? அடக்கம்! குடும்பமே அப்படித்தான்."

வடிவேல் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "நான் இன்னாதான் எழுதறது?"

லினெட் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கம்ப்யூட்டர் உடைந்தால் அவளால் சரிசெய்ய முடியும். இதை எங்கிருந்து சரிசெய்வது என்று தெரியவில்லை. அந்த முகத்தை ரோசா ஒரு தரம் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். வேம்பு, இராமதாஸ், அவர்களுக்குப் பின்னால் நின்ற அத்தனை முகங்கள். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த மரியாதை மொத்தமும் அந்த முகங்களில்தான் இருந்தது.

"எழுதுங்க சார்," என்றாள் உரக்க. "என் மாமனாரு சொல்தா இல்ல. ஒரு சொல்தா வூட்டுல சமையல்காரரு. நல்ல சமையல்காரரு. பாரீஸ் இல்ல, பாண்டிச்சேரி எல்லையக்கூட அவரு தாண்டல. நான்தான் அளந்து வுட்டேன்."

தெருவில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பயந்த பார்வை அதுதான்.

வேம்பு மூக்கை உறிஞ்சினாள். "பாருங்க சார், பெத்த பொண்ணுக்காக எப்படியெல்லாம் பொய் சொல்லுது!"

"அடியேய், நெஜம்டி!"

"அப்ப அந்த போட்டோ? அந்தத் தொப்பி? சொல்தா தொப்பிய சமையல்காரருக்கா குடுப்பாங்க?"

எல்லோரும் தலையாட்டினார்கள். வடிவேலும் தன்னையறியாமல் ஆட்டிவிட்டார்.

அதுவரை வேனில் சாய்ந்திருந்த அமலநாதன் நிமிர்ந்தார். உள்ளே போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் சாய்த்து வைத்தார்.

"வேம்பு, உங்க வூட்டு ஹால்ல உன் மாமனாரு படம் இருக்குல்ல? கொஞ்சம் எடுத்துக்கினு வாம்மா."

"அது எதுக்குண்ணே?"

"வாயேன்."

வேம்பு பெருமையோடுதான் கொண்டுவந்தாள். அவள் மாமனாரும் சொல்தாதானே! சந்தனமாலை போட்ட படத்தை ரோசா வீட்டுப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். வைத்தவள் அப்படியே குனிந்து நின்றுவிட்டாள்.

அதே தங்கப் பித்தான் கோட்டு. அதே தடி. அதே கப்பல், கப்பலின் நடுவில் திரைச்சீலை கிழிந்து ஒட்டுப்போட்ட அதே தையல். தொப்பியின் முன்பக்கத்தில் ஒரு பித்தளை வில்லை ஒருபக்கம் பிய்ந்து தொங்கியது. இரண்டு படத்திலும்.

"எல்லாம் ஸ்டுடியோ சாமான்," என்றார் அமலநாதன். "கேட்டா மாட்டி வுடுவாங்க. எங்கப்பாவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அவரு மண்டை பெருசு, தொப்பி எறங்கல. கையில புடிச்சுக்கறேன்னாரு, போட்டோக்காரரு உடல. பாருங்க, தலமேல தட்டு வச்சாப்ல இருக்குல்ல?"

இருந்தது.

"எங்க மாமனாருக்கு காது வரைக்கும் எறங்கிடுச்சே," என்றாள் வேம்பு மெதுவாக.

"அவருக்கு சின்ன மண்டை."

இராமதாஸ் தன் வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் ஒரு படம் இருந்தது. அதைத் தொடர்ந்து மூலை வீட்டிலிருந்து ஒன்று, மாடி வீட்டிலிருந்து ஒன்று. ஸ்டூல் போதவில்லை. வேன் சக்கரத்தில் சாய்த்து வைத்தார்கள். வரிசையாகத் தாத்தாக்கள், எல்லோரும் ஒரே கப்பலின் முன்னால், ஒரே தடியோடு.

"அப்ப நம்ம தெருவே," என்று இராமதாஸ் இழுத்தார், "ஒரே தொப்பியிலதான் பட்டாளத்துக்குப் போயிருக்கு!"

மாடி வீட்டுப் பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு யார், யாரைப் பார்த்து என்று தெரியாமல் தெருவே சிரித்தது. வேம்புக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரோசா அவள் தோளில் சாய்ந்துகொண்டு, "சொன்னேனே, சொன்னேனே" என்று சிரித்தாள்.

வடிவேல் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, அந்தப் பிய்ந்த வில்லையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார்?" என்றாள் ரோசா.

"முதலியார்பேட்டையில எங்க வூட்டு ஹால்லயும் இதே வில்லை தொங்குதும்மா," என்றார். "எங்க தாத்தா கப்பல்ல சண்டைக்குப் போனாருன்னு ஸ்கூல்ல நான் கட்டுரையே எழுதியிருக்கேன். பரிசு வேற குடுத்தாங்க."

அடுத்த சிரிப்பில் ஸ்டூல் மேலிருந்த படம் ஒன்று நழுவி விழப்போனது. லினெட்தான் பாய்ந்து பிடித்தாள்.

"சரி சரி," என்று வடிவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "சாட்சி ரெண்டு பேரு. யாரு?"

வேம்பு முன்னால் வந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எழுதிக்கோங்க சார். ரோசாக்கா வூடு இந்தியா. நாங்களும் இந்தியா. அந்தத் தொப்பி ஒண்ணுதான் பிரான்ஸ்."

"அதுவும் கடலூர்ல தெச்சது," என்றார் அமலநாதன்.

---

வீட்டுக்குள் வடிவேலுக்குக் காபியும், வெண்ணெய் தடவிய ரொட்டியும் வந்தன. ஒரு கடி கடித்துவிட்டு, "யப்பா, எந்தக் கடை?" என்றார். லினெட் இன்னொரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவரும் கேட்டதை மறந்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பினார்.

"கடைசிக் கேள்விம்மா. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவங்க யாரோடயாவது பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்...?"

"இல்லவே இல்ல!" என்றாள் ரோசா. இன்றைக்கு அவளுக்கு உண்மை பேசிப் பழகிவிட்டது.

"நிச்சயம் ஆகல சார்," என்றாள் லினெட். கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா, ஆகலாம்."

ரோசாவின் கை மீண்டும் டவராவைத் தேடியது.

வடிவேல் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். "'ஆகலாம்'னு எழுத இதுல எடம் இல்லியேம்மா. ஆமா, இல்ல, ரெண்டுதான் இருக்கு. நீ சொல்லாம இருந்திருந்தா நானும் பேசாம போயிருப்பேனே?"

"கதவு காக்கற வேலைக்கு வரேன் சார். நானே ஒரு ஜன்னல தொறந்து வச்சிட்டு வரக்கூடாதில்ல."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரில் ஹேமலதாவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொன்னார். தொப்பி வந்த இடத்தில் அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்பு மட்டும் கேட்டது.

"வடிவேல், நிச்சயம் ஆகலன்னா ஆகலதான். இல்லன்னே போடுங்க. அவங்களாவே சொன்னாங்கன்னு கீழ ஒரு வரி எழுதுங்க, அதுக்கு நான் பொறுப்பு. லினெட், கேக்கறீங்களா? கல்யாணம்னு வந்தா முன்கூட்டி அனுமதி வாங்கணும். லேசுல தர மாட்டாங்க, இப்பவே சொல்லிட்டேன். அந்தச் சண்டைய அப்ப போடுவோம். நாளைக்குக் காலையில வந்து வேலையில சேருங்க. நாற்காலிய துடைச்சு வைக்கச் சொல்றேன்."

லினெட் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அமலநாதனின் தோள் குலுங்கியது. இந்தத் தடவை சிரிப்பு மட்டும்தானா என்று தெரியவில்லை.

வடிவேல் கிளம்பினார். இரண்டாவது ரொட்டியை ரோசாவே அவர் பையில் வைத்து அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"யாருடி அவன்?"

லினெட் மேசைமேல் கிடந்த வெறும் துணிப்பையைப் பார்த்தாள்.

ரோசாவும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த ரொட்டிக்கடைப் பையனா? லூர்துபிரகாஷா?"

"பொறந்ததே பிரான்ஸ்ல, துலூஸ்ல மம்மா. அவங்க தாத்தா நெஜமாவே சொல்தா."

"ஒரு வார்த்தை சொன்னதில்லியேடி அவன்!"

"நீ எங்க பேச வுட்ட? பைய வாங்கிக்கினு கதவ சாத்திடுவ."

"தொப்பி போட்ட படம் இருக்குமா?"

"இல்லியாம். அவங்க தாத்தாவுக்குத் தொப்பி போட்டாலே தலைவலி வருமாம்."

அமலநாதன் தோள் குலுங்க ஈசிச்சேரில் போய் விழுந்தார். லினெட்டும் சிரித்தாள். ஆனால் ரோசாவுக்கு அவள் கண்ணில் வேறு ஒன்றும் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அவங்கம்மாவ கூட்டிக்கினு வரான். என் வேலையா, அவன் பாஸ்போர்ட்டான்னு பேசணுமாம். அவன் ஒரு முடிவு பண்ணிட்டான் மம்மா. என்னான்னு எங்கிட்டகூட சொல்ல மாட்டேங்கறான்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அவன் பிரெஞ்சுன்னு இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

ரோசா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் இல்லாததைச் சொல்லித் திரிந்த வாய். இன்றைக்குத்தான் நிஜமாகவே ஒன்று கிடைத்திருக்கிறது.

மதில் பக்கமிருந்து வேம்புவின் குரல் வந்தது. "ரோசாக்கா! இன்னா, ஒரே சிரிப்பாணியா இருக்கு?"

ரோசா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வாயைத் திறந்தாள். லினெட் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஒண்ணுமில்லடி. ரொட்டி நல்லா இருந்துச்சு, அதப் பத்திப் பேசிக்கினு இருந்தோம்."

"அப்படியா? எந்த ஊரு ரொட்டி?"

ரோசா கண்ணை மூடி, ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ரெட்டியார்பாளையம்," என்றாள்.